வீரர் என்று சொல்லிவிட்டால்

(தில்லி லோதி ரோட்டில், தீயணைப்புப் பணி வாரத்தில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



என் வீட்டுக்கு இரண்டு நாளிதழ்கள் வருகின்றன. ஒன்று இந்தி. பேத்தியின் வீட்டுப்பாடத்துக்காக வாங்கத் தொடங்கினோம். இப்போது நான் ஒருவன்தான் படிக்கிறேன். இன்னொன்று தமிழ். ஒரே தீ விபத்தை இரண்டும் எழுதும்போது ஒரு வேறுபாடு கண்ணில் படும். இந்தித் தாளில் அவர் ‘தமகல் கர்மி’. தமகல் என்றால் தீயணைக்கும் யந்திரம், கர்மி என்றால் வேலை செய்பவர். தமிழ்த் தாளில் அதே ஆள் ‘தீயணைப்பு வீரர்’. தமிழ்நாடு அரசின் ஆவணங்களில் அவருடைய பதவியின் பெயர் ‘தீயணைப்போர்’ என்பதுதான். வீரர் என்பது நாம் பிரியத்தோடு சேர்த்துக்கொண்டது.

அதில் தவறு ஒன்றும் இல்லை என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். வீரரை மதிப்பதில் தமிழருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆநிரை மீட்கப் போய் மாண்டவனுக்குக் கல் நட்டு, பெயர் பொறித்து, பூச்சூட்டிப் படைத்த மரபு நம்முடையது. ஆனால் நடுகல்லில் நிற்கும் எவனும் கையுறை கிழிந்துவிட்டது என்று மனு எழுதியதில்லை. இரண்டு ஷிஃப்ட் தொடர்ந்து நிற்க முடியாது என்று சொன்னதில்லை. வீரர் என்று ஒருவரைச் சொல்லிவிட்டால், அவர் கேட்கக் கூடாதவை என்று ஒரு பட்டியலும் அந்தச் சொல்லோடு வந்து ஒட்டிக்கொள்கிறது. தொழிலாளி என்ற சொல்லுக்கு அந்தத் தொல்லை கிடையாது. தொழிலாளி கேட்பார், கேட்பதற்குச் சங்கம் வைப்பார்.

இன்றைய தலைப்பைத் தொலைபேசியில் சொன்னபோது அமைப்பாளர், “அவங்களுக்குச் சங்கம் இருக்கா சார்?” என்று கேட்டார். நல்ல கேள்வி. இருக்கிறது, இல்லை, எந்த வண்டியில் ஏறுகிறார் என்பதைப் பொறுத்தது. விமான நிலைய ஆணையத்தின் வண்டியில் ஏறினால் சங்கத் தேர்தலில் வாக்களிக்கலாம். மும்பை மாநகராட்சியின் வண்டி என்றால் மாநகராட்சித் தொழிலாளர் சங்கத்தில் சேரலாம். மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையான சிஐஎஸ்எஃப்-இன் வண்டி என்றால் முடியாது. தீ ஒன்றுதான், தண்ணீரும் ஒன்றுதான். இந்த வேறுபாடு எப்படி வந்தது என்பதுதான் என் பேச்சு.

ஏப்ரலிலிருந்து தொடங்க வேண்டும். ஏப்ரல் 14 முதல் 20 வரை நாடெங்கும் தீயணைப்புப் பணி வாரம். இந்தத் தேதி எங்கிருந்து வந்தது என்பது நம்மில் பலருக்கு நினைவில்லை. தமிழ்ப் புத்தாண்டும் அம்பேத்கர் பிறந்தநாளும் அதை மூடிவிடுகின்றன. 1944 ஏப்ரல் 14, பம்பாய் விக்டோரியா டாக். ‘ஃபோர்ட் ஸ்டிக்கைன்’ என்ற சரக்குக் கப்பல். உள்ளே ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருள். கூடவே பஞ்சுப் பொதிகள், தங்கக் கட்டிகள். பஞ்சையும் வெடிமருந்தையும் ஒரே கப்பலில் ஏற்றலாமா என்று நம் ஊரில் தீபாவளிக் கடை போடும் பையனைக் கேட்டாலே சொல்லிவிடுவான். போர்க்காலம், ஏற்றினார்கள். பிற்பகலில் புகை வந்தது. தீயணைப்புப் படை வந்து தண்ணீரைக் கொட்டோ கொட்டென்று கொட்டியது. மாலை நான்கு மணி கடந்து ஆறு நிமிடத்தில் முதல் வெடிப்பு, அரை மணிக்குள் இரண்டாவது. துறைமுகத்தைச் சுற்றியிருந்த பகுதிகள் நாசமாயின. பம்பாய்த் தீயணைப்புப் படையில் மட்டும் 66 பேர் இறந்தார்கள். பைக்குலாவில் அவர்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது.

வெடிபொருள் ஏற்றிய கப்பல் சிவப்புக் கொடி ஏற்ற வேண்டும் என்பது துறைமுக வழக்கம். ஃபோர்ட் ஸ்டிக்கைனில் அந்தக் கொடி பறக்கவில்லை. ஒவ்வோர் ஆண்டும் அந்த 66 பேருக்காக இரண்டு நிமிடம் மௌனம் காக்கிறோம், சரிதான். ஆனால் எந்தத் தொழிற்சங்கக்காரரிடம் இந்தக் கதையைச் சொன்னாலும் அவர் முதலில் கேட்பது, “உள்ளே என்ன சரக்கு என்று ஏறுகிறவனுக்கு யார் சொல்ல வேண்டும்?” என்பதாகத்தான் இருக்கும். வீரரின் கதையில் இந்தக் கேள்விக்கு இடம் கிடையாது, தெரியாமல் ஏறினால்தானே கதை! தொழிலாளியின் கதை இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

உலகத்தில் இந்தக் கேள்வியைச் சங்கமாக நின்று கேட்கத் தொடங்கிய ஆண்டு 1918 என்று சொல்லலாம். அந்த ஆண்டு பிப்ரவரி 28-இல் வாஷிங்டனில் அமெரிக்க, கனடியத் தீயணைப்போரின் சங்கம் பிறந்தது. அதே ஆண்டு லண்டனில் தீயணைப்போர் தொழிற்சங்கம் பதிவானது. பின்னாளில் அதுவே பிரிட்டனின் ஃபயர் பிரிகேட்ஸ் யூனியன் ஆயிற்று. அப்போது லண்டன் தீயணைப்போர் நிலையத்திலேயே குடியிருந்து, எப்போதாவது ஒரு நாள் விடுப்போடு இரவு பகல் தொடர்வேலை பார்த்தவர்கள். அவர்கள் முதலில் கேட்டது சம்பளத்தைக் காட்டிலும் தூக்கம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1920-இல் பிரிட்டனில் ஒரு விசாரணைக் குழு, தீயணைப்போருக்குப் போலீஸ்காரருக்கு இணையான ஊதியம் தரலாம் என்று பரிந்துரைத்தது. சங்கம் அதை வெற்றியாகக் கொண்டாடியது. இந்தப் போலீஸ் இணைப்பு எப்படித் திரும்பி வந்து கடிக்கும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தியாவுக்கு வருவோம். இங்கே சங்கத்தின் வரலாறு தெருவில் ஓடியதைவிட நீதிமன்றத்தில் ஓடியதே அதிகம். தொழில் தகராறுச் சட்டம் 1947-இல் வந்தது. அதன் முதல் அட்டவணையைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள், அது உங்கள் குற்றமில்லை. பொதுப் பயன்பாட்டுச் சேவை என்று அரசு அறிவிக்கக்கூடிய தொழில்களின் பட்டியல் அது. போக்குவரத்து, வங்கி, சிமென்ட், நிலக்கரி, பஞ்சாலை என்று போனது. பின்னாளில் மருத்துவமனைக்குப் பக்கத்தில் தீயணைப்புச் சேவையும் அதில் சேர்ந்தது. ஒரு சேவையை இப்படி அறிவித்துவிட்டால் அதில் முன்னறிவிப்பு இல்லாமல் வேலைநிறுத்தம் செய்ய முடியாது என்று இருந்தது. குறைந்தது பதினான்கு நாள் அவகாசம் தர வேண்டியிருந்தது. கட்டுப்படுத்துகிற பிரிவுதான் இது. ஆனால் கட்டுப்படுத்துவதிலேயே ஓர் ஒப்புதலும் இருந்தது. சங்கமும் வேலைநிறுத்தமும் வரக்கூடிய ஒரு தொழிலாகத் தீயணைப்பைச் சட்டம் பார்த்தது. தீயணைப்போர் சட்டத்தின் கண்ணுக்குத் தொழிலாளி.

இதைச் சோதித்துப் பார்த்தது நாக்பூர். அந்த மாநகராட்சி ஊழியர்கள் ஊதியம் முதலானவை குறித்துத் தகராறு எழுப்ப, தொழில் நீதிமன்றத்துக்குப் போய், அங்கிருந்து மாநகராட்சியின் மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது வழக்கு. மாநகராட்சி என்பது ஆட்சி, ஆட்சி எப்படித் தொழிலாகும் என்பது எதிர்த் தரப்பின் வாதம். 1960-இல் நீதிபதி கே. சுப்பாராவ் எழுதிய தீர்ப்பு எனக்கு மிகவும் பிடித்தது. சென்னையில் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கியவர் அவர். மேலோட்டமாகத் தத்துவம் பேசிவிட்டுப் போகாமல், வீட்டுக்காரம்மா மளிகைக் கணக்குப் பார்ப்பதைப் போல ஒவ்வொரு துறையாக எடுத்து வைத்துப் பார்த்தார். தெருவிளக்கு, குடிநீர், சுகாதாரம், கல்வி என்று வரிசையில் தீயணைப்புப் பிரிவும் வந்தது. தொழில் என்றே தீர்ந்தது. இதில் ஒரு சுவையான பொருத்தம்: தேசியத் தீயணைப்புக் கல்லூரி 1956-இல் உத்தரப் பிரதேசத்து ராம்பூரில் தொடங்கி, மறு ஆண்டே நாக்பூருக்குத்தான் இடம் பெயர்ந்தது. நாட்டின் தீயணைப்பு அதிகாரிகள் பயிற்சி பெறும் ஊரின் பெயரிலேயே தீயணைப்போரைத் தொழிலாளி என்று சொன்ன தீர்ப்பும் வழங்குகிறது.

அடுத்து 1962. நம் அக்கவுன்டன்ட் ஜெனரல் அலுவலக நண்பர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் துறைக்காரர் இ.எக்ஸ். ஜோசஃப் பெயரில் ஒரு வழக்கு உண்டு. அங்கீகாரம் இல்லாத சங்கத்தில் அரசு ஊழியர் சேரக் கூடாது என்ற நடத்தை விதியை உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில் செல்லாது என்றது. அரசு ஊழியராக இருப்பதால் சங்கம் சேரும் உரிமை போய்விடாது என்பது அப்போதே நிலைபெற்றுவிட்டது. வேலைநிறுத்தம் வேறு விஷயம், அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த இரண்டு தீர்ப்புகளோடு கதை நின்றிருந்தால் இன்று நான் உங்களைக் கூப்பிட்டு வைத்துப் பேச வேண்டியிருக்காது. அடுத்த அத்தியாயம் நாம் உட்கார்ந்திருக்கும் இந்தச் சாலையிலேயே இருக்கிறது. கிழக்கே போனால் சி.ஜி.ஓ. காம்ப்ளெக்ஸ். பதின்மூன்றாம் பிளாக்கில் சிஐஎஸ்எஃப் தலைமையகம். அந்தப் படைக்கான சட்டம் 1968-இல் வந்தது. பொதுத்துறை ஆலைகளைக் காவல் காப்பதற்காக அமைத்த படை. 1970-இல் கொச்சிக்கு அருகே ஃபேக்ட் உர ஆலையில் அதன் தீயணைப்புப் பிரிவு முதலில் காலூன்றியது. அம்மோனியாவும் கந்தக அமிலமும் புழங்குகிற இடம். தனிப்பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும் என்பது நியாயமான ஏற்பாடுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆலை நிர்வாகமே வைத்திருக்கும் தீயணைப்போர் ஆலைத் தொழிலாளி. ஆலையின் சங்கத்தில் அவருக்கும் இடம் உண்டு. அந்த வேலை படைக்குப் போகும்போது, ஹோஸ் குழாயைப் பிடிக்கும் கை தொழிற்சங்கத்தின் வாசலிலிருந்து காவல் படையின் அணிவகுப்பு மைதானத்துக்குப் போய்விடுகிறது.

1979 கோடையில் நான் தில்லிக்குப் புதிது. லோதி காலனியில் ஊர்க்காரர் ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்த காலம். பஞ்சாபில் தொடங்கிய போலீஸார் போராட்டம் மாநிலம் மாநிலமாகப் பரவியது. தமிழ்நாட்டிலும் போலீஸார் சங்கம் கேட்டார்கள். சிஐஎஸ்எஃப் காவலர்களும் சங்கம் அமைத்தார்கள். பேச்சுவார்த்தை, ஆர்ப்பாட்டம், கைது என்று போய், ஜூன் இறுதியில் பொகாரோ உருக்காலையில் அவர்களிடமிருந்து ஆயுதங்களைப் பறிக்க ராணுவத்தை அனுப்பியது அரசு. துப்பாக்கிச் சூடு. இரு பக்கமும் சாவு. காலைச் செய்தித்தாளை வீட்டுக்காரர் உரக்கப் படித்துவிட்டு, “நல்லவேளை, நீ கிளார்க்கு வேலைக்கு வந்தே” என்றார். அவர் சொன்னதன் பொருள் எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் புரிந்தது. கிளார்க்குக்குச் சங்கம் உண்டு.

பொகாரோவில் விசாரணை இல்லாமல் பணிநீக்கம் செய்யப்பட்டவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1985-இல் துளசிராம் படேல் வழக்கில் அந்தப் பணிநீக்கங்களும் செல்லும் என்றாகிவிட்டது. அதற்குள் 1983-இல் சட்டத்தைத் திருத்தி சிஐஎஸ்எஃப்-ஐ ஒன்றியத்தின் ஆயுதப் படை ஆக்கியிருந்தார்கள். மறு ஆண்டு அரசியல் சட்டத்தின் 33-ஆவது பிரிவும் விரிந்தது. ஆயுதப் படை, பொது ஒழுங்கைக் காக்கும் படை, உளவுத் துறை, அவற்றின் தொலைத்தொடர்புப் பிரிவு: இவர்களின் அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றம் சுருக்கலாம். அந்தப் பட்டியலைத் தலைகீழாகப் படித்தாலும் தீயணைப்பு என்ற சொல் கிடையாது. தீயை அணைப்பது பொது ஒழுங்கைக் காப்பதா? தீக்கு ஒழுங்கு தெரியாது என்பது வேறு. ஆனால் சிஐஎஸ்எஃப்-இன் தீயணைப்பு வண்டியில் ஏறுகிறவர், படையின் உறுப்பினர் என்ற ஒரே காரணத்தால், துப்பாக்கி பிடித்தவரோடு சேர்த்துக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டார். துப்பாக்கிக்காக எழுதிய தடை தண்ணீர்க் குழாய்க்கும் பொருந்திவிட்டது.

2019 மார்ச் 6, காலை. அதே சி.ஜி.ஓ. காம்ப்ளெக்ஸில், பண்டித தீனதயாள் அந்த்யோதயா பவனின் ஐந்தாம் மாடியில் தீ. சமூக நீதி அமைச்சகம் இருந்த கட்டடம். இருபதுக்கும் மேற்பட்ட வண்டிகள் வந்தன. அன்று இறந்தவர் ஒரே ஒருவர், புகையில் மயங்கி விழுந்த சிஐஎஸ்எஃப் சப்-இன்ஸ்பெக்டர். அந்த வாரம் நான் அந்தப் பக்கம் நடந்து போனபோது ஐந்தாம் மாடி ஜன்னல்களுக்கு மேலே சுவர் கறுத்திருந்தது. கீழே சமோசாக் கடையில் வழக்கம்போல் கூட்டம். மறுநாள் தாள்களில் அவர் வீரர். சரியான சொல்தான், அந்த ஒரு நாளைக்கு.

தில்லி அரசின் தீயணைப்போர் கதை வேறு மாதிரி. தில்லி தீயணைப்புப் பணித்துறை நெடுங்காலம் மாநகராட்சியின் கீழ் இருந்தது. 1994 நவம்பர் 10-இல் தில்லி அரசுக்கு மாறியது. ஒன்பதாம் தேதி இரவு மாநகராட்சித் தொழிலாளியாகப் படுத்தவர் பத்தாம் தேதி காலை அரசு ஊழியராக எழுந்தார். நிதி கூடும், நிர்வாகம் சீராகும் என்பதற்காகச் செய்த மாற்றம். குறை சொல்ல மாட்டேன். ஆனால் அரசு ஊழியர் சங்கம் என்பது மாநகராட்சித் தொழிற்சங்கத்தின் தம்பியும் இல்லை, அண்ணனும் இல்லை. மத்திய அரசு 1993-இல் கொண்டுவந்த அங்கீகார விதிகளைப் படித்துப் பாருங்கள். அங்கீகாரம் வேண்டுமென்றால் அந்தப் பிரிவு ஊழியரில் 35 சதவீதம் பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். பணியில் இருக்கும் ஊழியரே பொறுப்பு வகிக்க வேண்டும். வெளியிலிருந்து ஒரு வழக்கறிஞரையோ முழுநேரத் தொழிற்சங்கக்காரரையோ தலைவராக வைத்துக்கொள்ள வழியில்லை. எனக்கு மிகவும் உறுத்துகிற விதி இன்னொன்று. தனி ஊழியர் ஒருவரின் பணிக் குறையைச் சங்கம் எடுத்துப் பேசக் கூடாது. எல்லோருக்கும் பூட்ஸ் வேண்டும் என்று கேட்கலாம்; முனுசாமிக்குக் கால் வெந்துவிட்டது என்று கேட்கக் கூடாது. முனுசாமிக்குக் கால் வெந்ததால்தானே எல்லோருக்கும் பூட்ஸ் கேட்கிறோம்!

ஊர்ப் பக்கம் போவோம். தமிழ்நாட்டில் தீயணைப்போராகச் சேர எந்தத் தேர்வு எழுத வேண்டும்? சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வு. இரண்டாம் நிலைக் காவலர், சிறைக்காவலர், தீயணைப்போர்: மூவருக்கும் ஒரே அறிவிக்கை, ஒரே ஓட்டம், ஒரே கயிறு ஏற்றம். துறையின் இயக்குநர் நாற்காலியில் ஐ.பி.எஸ். அதிகாரி. 1920-இல் லண்டன் சங்கம் கேட்டு வாங்கிய போலீஸ் இணைப்பு இங்கே கேட்காமலே கிடைத்தது. ஊதியத்தோடு போலீஸின் ஒழுங்கும், வாய்ப்பூட்டும் சேர்ந்து கிடைத்தன. கேரளத்தில் தீயணைப்போருக்கு மாநில அளவில் சங்கம் உண்டு, மாநாடும் கூட்டுகிறார்கள். ஆரியங்காவு எல்லையைத் தாண்டினால் வண்டியின் நிறம் மாறுவதில்லை, பேச்சின் சத்தம் மாறுகிறது.

வீரத்துக்குத் தமிழ்நாட்டிலும் பஞ்சமில்லை. 2012 ஜனவரி 16, பொங்கல் விடுமுறை, சேப்பாக்கம் எழிலகம் வளாகத்தின் கலச மகாலில் தீ. உள்ளே போனவர்களில் ஒருவர் திரும்பவில்லை. 2003-இல் துறையில் சேர்ந்த முதல் பெண் அதிகாரிகள் இருவரில் ஒருவரான பிரியா ரவிச்சந்திரன் கடுமையான தீக்காயத்தோடு பிழைத்தார். 2017 ஜூலையில் கொடுங்கையூர் பேக்கரியில் சிலிண்டர் வெடித்துத் தீயணைப்போர் ஒருவர் உயிரிழந்தார். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் உட்படப் பலர் வெந்தார்கள்.  உள்ளே சிலிண்டர் எத்தனை என்று போகிறவருக்கு யார் சொல்ல வேண்டும்? பம்பாய்க் கப்பலின் அதே கேள்வி, 73 ஆண்டுகள் கழித்து, ஒரு பேக்கரியின் வாசலில்.

இனி நீங்கள் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருப்பதற்கு வருகிறேன். சங்கம் வைத்தால் வேலைநிறுத்தம் செய்வார்களே, வீடு எரியும்போது என்ன ஆவது? செய்திருக்கிறார்கள். 1977 நவம்பர் 14-இல் பிரிட்டனின் தீயணைப்போர் நாடு முழுவதும் வேலையை நிறுத்தினார்கள். முப்பது சதவீத உயர்வு கேட்டார்கள். ராணுவம் ‘கிரீன் காடஸ்’ என்ற பழைய பச்சை வண்டிகளை ஓட்டித் தீயணைத்தது. குளிரில் நிலைய வாசலில் கணப்பு மூட்டி ஒன்பது வாரம் நின்றார்கள். பத்து சதவீதமும், வருங்காலத்தில் ஊதியத்தை நிர்ணயிக்க ஒரு சூத்திரமும் கிடைத்தன. அமெரிக்கச் சங்கமோ 1930-இல் தானாகவே வேலைநிறுத்தம் செய்ய மாட்டோம் என்று விதி எழுதிக்கொண்டது. 1968-இல் அதை எடுத்துவிட்டது. இரண்டையும் சொல்கிறேன், ஏனென்றால் பயம் நியாயமானது. அது நியாயமில்லை என்று சொல்கிற சங்கக்காரரோடு எனக்கு உடன்பாடில்லை.

நம் நாட்டில் இந்தப் பயத்துக்கு ஏற்கெனவே பூட்டு போட்டாகிவிட்டது. 2003 ஜூலையில் தமிழ்நாட்டு அரசு ஊழியர் வேலைநிறுத்தம் நினைவிருக்கும். ஒன்றே முக்கால் லட்சத்துக்கு நெருக்கமானவர்களை ஒரே வீச்சில் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆகஸ்டு 6-இல் டி.கே. ரங்கராஜன் வழக்கில், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வாரங்களில் தில்லித் தமிழ் வீடுகளில் ஊர் ஃபோன் வந்தாலே வயிறு கலங்கியது. ஒவ்வொரு வீட்டிலும் ஓர் ஆசிரியையோ வருவாய்த் துறை அண்ணனோ இருந்தார்கள். நான் அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. ஆனால் அது இருக்கும்வரை, ‘சங்கம் என்றால் வேலைநிறுத்தம்’ என்று சொல்லித் தீயணைப்போரின் சங்கத்தை மறுக்க முடியாது. நிறுத்தத்தைத்தான் தனியே தடுத்தாகிவிட்டதே.

இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொன்ன அமைப்பின் அலுவலகமும் இதே லோதி ரோட்டில்தான். இந்தியா ஹேபிடட் சென்டரில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு பல ஆண்டுகளாக இருக்கிறது. இந்தியாவில் அதற்கு 1928 முதலே அலுவலகம் உண்டு. அங்கிருந்து சி.ஜி.ஓ. காம்ப்ளெக்ஸுக்குப் பொடிநடையாக அரை மணி. அமைப்பின் 87-ஆம் உடன்படிக்கை, 1948-இல் வந்தது, சங்கம் சேரும் உரிமை பற்றியது. ஆயுதப் படைக்கும் போலீஸுக்கும் எவ்வளவு பொருந்தும் என்பதை அந்தந்த நாடே முடிவு செய்யலாம் என்று ஒன்பதாம் பிரிவில் விலக்கு. தீயணைப்போர் அந்த விலக்குக்குள் வருகிறாரா? ஜப்பான் வருகிறார் என்றது. அங்கே போருக்கு முன்பு தீயணைப்பு போலீஸின் பகுதியாக இருந்தது. 1948-இல் பிரித்த பிறகும் சங்கத் தடையை மட்டும் விடவில்லை. பன்னாட்டு அமைப்பின் வல்லுநர்களோ பல பத்தாண்டுகளாக ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்: தீயணைப்போர் செய்யும் வேலை, சங்க உரிமையிலிருந்து அவரை விலக்கும் அளவுக்கானது அல்ல. வேலைநிறுத்தத்தை வேண்டுமானால் தடுக்கலாம், அது உயிர் காக்கும் சேவை. தடுத்தால் ஈடாக நடுநிலையான சமரசமும் தீர்ப்பாயமும் தர வேண்டும். ஜப்பான் 1996 முதல் தீயணைப்புத் தலைமையகந்தோறும் ஊழியர் கருத்துக் குழு வைத்துச் சமாளிக்கிறது. தென்கொரியா துணிந்து கதவைத் திறந்தது. 2021 ஜூலை முதல் அங்கே தீயணைப்போர் சங்கம் சேரலாம். கொரியாவில் அதற்குப் பிறகும் தீ அணைக்கிறார்கள்.

இந்தியா 87-ஆம் உடன்படிக்கையை இன்றுவரை ஏற்கவில்லை. அமைப்பின் நிறுவன உறுப்பினர்களில் ஒரு நாடு. அரை மணி நடை தூரம். ஆனாலும் கடிதம் போய்ச் சேரவில்லை.

சங்கம் இருந்தால் என்ன கேட்பார்கள் என்பதைப் பார்த்துவிட்டு முடிக்கிறேன். கணக்கு கேட்பார்கள். அதுதான் நிர்வாகங்களுக்குப் பிடிக்காதது. 2012-இல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வகுத்த அளவுகோலோடு ஒப்பிட்டால் நாட்டின் தீயணைப்பு ஆள்பலத்தில் பற்றாக்குறை தொண்ணூறு சதவீதத்துக்கு மேல். அளவுகோலே கொஞ்சம் ஆகாயத்தில் வரைந்ததோ என்று சந்தேகப்பட்டாலும், பாதியாக்கிப் பார்த்தாலும் வயிற்றைக் கலக்கும் எண். பதினைந்தாவது நிதிக் குழு தீயணைப்பை விரிவாக்க 5,000 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. வண்டி வாங்குவார்கள், நிலையம் கட்டுவார்கள். வண்டியைக் கொடியசைத்து அனுப்பலாம், படம் எடுக்கலாம். தூக்கத்தையும் நுரையீரலையும் கொடியசைத்து அனுப்ப முடியாது.

நுரையீரல் என்றேன். 2022-இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, தீயணைப்பு வேலையையே புற்றுநோய் உண்டாக்கும் தொழிலாக, முதல் பிரிவில் வைத்தது. புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கும் அதே பிரிவு. அதற்கு முன்பு ‘இருக்கலாம்’ என்ற பிரிவில் இருந்தது. ஐயம் நீங்கி இடம் மாறிற்று. இந்த மாற்றத்துக்கு ஆராய்ச்சியாளர்கள் மட்டும் காரணமில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் தீயணைப்போர் சங்கங்கள் தங்கள் உறுப்பினரின் நோய்களை ஆண்டுக்கணக்கில் எண்ணி வைத்தன. இத்தனை ஆண்டு தீயணைத்தவருக்கு இன்ன புற்றுநோய் வந்தால் அது வேலையால் வந்ததென்றே கொள்ள வேண்டும், இல்லையென்று நிரூபிப்பது முதலாளியின் பொறுப்பு என்று மாநிலம் மாநிலமாகச் சட்டம் வாங்கின. நம் ஊரில் ஓய்வுபெற்று ஐந்தாம் ஆண்டு இருமி இருமிச் சாகிற தீயணைப்போர் எந்தக் கணக்கில் வருகிறார்? அவருக்குக் குண்டு முழக்கம் இல்லை, பைக்குலாவில் கல் இல்லை. பிளாஸ்டிக், ஃபோம் மெத்தை, கேபிள் எரிந்த புகையை முப்பது ஆண்டு மூச்சில் வாங்கியவர், வீட்டுக் கட்டிலில் இறந்தால் அது சொந்தச் சாவு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தீயணைப்பு வாரக் கண்காட்சியில், திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். எந்தத் துறை, எந்த நிலையம் என்பதை விட்டுவிடுகிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஹோஸ் பிடிக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு, சட்டை நனைந்து நிழலுக்கு வந்தார். தமிழ் கேட்டதும் முகம் மலர்ந்தது. உங்களுக்குச் சங்கம் இருந்தால் முதலில் என்ன கேட்பீர்கள் தம்பி என்றேன். சம்பளம், பதவி உயர்வு, ஊருக்குப் பக்கத்தில் மாற்றல் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

“ஒரு வாஷிங் மெஷின் சார்,” என்றார். “ஸ்டேஷன்ல. தீ அணைச்சிட்டு வந்தா கோட்டு பூரா கரி. இப்ப வீட்டுக்குத்தான் எடுத்துட்டுப் போறேன். பாப்பா துணியோட சேர்த்துப் போடாதேன்னு வீட்ல சண்டை. தனியா ரெண்டு தடவை போட்டாலும் அந்த நாத்தம் போக மாட்டேங்குது.”

பிள்ளைகளின் அடுத்த வரிசை வந்து நின்றது. ஈரச் சட்டையோடு எழுந்து போனார்.